பரணில் கிடந்த கேசட்டுக்கு எப்படி எல்லாம் நினைவிருக்கிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய மாமா தொண்ணூறுகளில் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டியும் ‘ஃபைனல் ஃபேன்டசி’ கேசட்டும் கொண்டுவந்தாராம். கொஞ்ச காலத்தில் இரண்டும் பரணுக்குப் போய்விட்டன. சமீபத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இறக்கி, தூசி தட்டி, டிவியில் மாட்டிப் பார்த்தால், மாமா அந்தக் காலத்தில் சேவ் செய்த ஆட்டம் அப்படியே இருக்கிறது. நான்கு வீரர்கள், அவர்களுக்கு மாமா வைத்த பெயர்கள், கையிருப்புத் தங்கம், ஒன்றும் குறையவில்லை. “ஆடி மாதம் காற்றடித்தால் எங்கள் ஊரில் கற்பூர மரம் கம்பிமேல் விழுந்து கரண்ட் போய்விடும். பாதி டைப் அடித்த அசைன்மென்ட்டும் அதோடு போய்விடும். மின்சாரமே இல்லாமல் பரணில் கிடந்த கேசட் மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறது? உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்றினால் சேவ் போய்விடுமா?” என்று கேட்கிறார். கேசட்டைப் போடுமுன் ஊத வேண்டும் என்று மாமா சொல்கிறாராம், அது சரியா என்பது கூடுதல் கேள்வி.

அந்தக் கேசட் மின்சாரமே இல்லாமல் கிடக்கவில்லை. இத்தனை வருடங்களில் ஒரு நொடிகூட அதற்குக் கரண்ட் கட் ஆனதில்லை.

இது எப்படிச் சாத்தியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாம்தான் பிறகு அமெரிக்காவில் நின்டெண்டோ பெட்டியானது. அதற்குள் இருந்த வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. சுவிட்சை அணைத்தால் அதுவும் காலி. மாரியோ போன்ற ஆட்டங்களுக்கு அது போதும், ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடலாம். பல மணி நேரம் நீளும், ஆர்.பி.ஜி. எனப்படும் கதை ஆட்டங்களுக்குப் போதாது. 1986இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ இதைக் கடவுச்சொல்லால் சமாளித்தது. ஆட்டத்தின் நிலையை 20 ஜப்பானிய எழுத்துகளாக மாற்றித் திரையில் காட்டும், நாம் தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்கு 6 பிட் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1) வீதம் 120 பிட், அதாவது 15 பைட். அடுத்த பாகத்தில் கதை பெரிதாகிக் கடவுச்சொல் 52 எழுத்து வரை நீண்டது. ஒரு எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் வீண். 1987இல் அமெரிக்காவில் வந்த ‘செல்டா’ கேசட்டும், அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி’யும் வேறு வழிக்குப் போயின. கேசட்டுக்குள்ளேயே ஒரு நினைவகச் சில்லையும் ஒரு பேட்டரியையும் வைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் பெரும்பாலோர் ஆடிய நகல் ‘டிவி கேம்’ பெட்டிகளின் பல-ஆட்டக் கேசட்டுகளில் இந்தப் பேட்டரி கிடையாது. மாரியோவும் கான்ட்ராவும் நமக்கு மனப்பாடமாகி, கதை ஆட்டங்கள் கண்ணிலேயே படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மாமாவின் கேசட்டைத் திறந்தால் (3.8 மி.மீ. விசேஷ ஸ்க்ரூ, சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு மசியாது) பச்சைப் பலகையில் 28 கால்கள் கொண்ட ஒரு கறுப்புச் சில்லு தெரியும். பக்கத்திலேயே, காசு வடிவில் ஒரு லித்தியம் பேட்டரி, தகட்டு வாலோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். சில்லின் கொள்ளளவு 8 கிலோபைட், அதாவது 65,536 பிட். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சின்ன மின்சுற்று உண்டு. இந்தக் கட்டுரையை நான் எழுத ஆசைப்பட்டதே அந்தச் சுற்றைப் பற்றிச் சொல்லத்தான்.

ஒரு சுற்று, உள்ளே 1 வந்தால் வெளியே 0 தரும், 0 வந்தால் 1 தரும். அவ்வளவுதான் அதன் வேலை. இதைப் ‘புரட்டி’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு புரட்டியின் வெளியீட்டை இன்னொரு புரட்டிக்கு உள்ளீடாகக் கொடுங்கள். அந்த இரண்டாவதின் வெளியீட்டைத் திருப்பி முதலாவதற்கே கொடுங்கள். ஏட்டிக்குப் போட்டி பேசுகிற இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்த மாதிரி. ஒருவர் ‘ஆமாம்’ என்பார், அதைக் கேட்டு மற்றவர் ‘இல்லை’ என்பார், அந்த ‘இல்லை’யைக் கேட்டு முதலாமவர் மறுபடி ‘ஆமாம்’ என்பார். இருவரும் தன் பேச்சை மாற்றவே முடியாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பலமாக ‘இல்லை’ என்று முதலாமவர் வாயைத் திருப்பினால், இரண்டாமவர் ‘ஆமாம்’ என்று மாறுவார், அதன் பிறகு அந்த நிலை நிலைத்துவிடும். இந்த வளையத்துக்கு இரண்டே இரண்டு நிலைகள்தான். ஒன்று 0, மற்றது 1. அதுதான் ஒரு பிட்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த வளையம் தன்னைத் தானே திருத்திக்கொள்வது. 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சலனத்தால் 2.6 ஆகிவிட்டது என்று வையுங்கள். எதிர்ப்புரட்டிக்கு அதுவும் 1தான், அது தயங்காமல் 0 என்று பதில் சொல்லும். அந்த 0வைப் பார்த்ததும் இந்தப் பக்கம் மறுபடி 3 வோல்ட்டுக்கு ஏறிவிடும். உங்கள் கணினியின் முதன்மை நினைவகம் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் அடைத்த மின்னூட்டம், கசிந்துகொண்டே இருக்கும், நொடிக்குப் பலமுறை படித்துப் படித்துத் திரும்ப எழுத வேண்டும். அசைன்மென்ட் காணாமல் போவது அதனால்தான். கேசட்டின் சில்லுக்குப் பராமரிப்பே வேண்டாம். மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும், சொன்ன சொல்லை மாற்றாது.

மின்னழுத்தம் வேண்டும், ஆனால் மின்னோட்டம் ஏறக்குறைய வேண்டாம். பிட் மாறும்போதுதான் புரட்டிக்குள் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள் குறிப்பிடத்தக்க மின்சாரம் எடுக்கும். மாறாமல் சும்மா இருக்கும்போது அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர்கள் வழியே கசிவது மட்டுமே செலவு. 65,536 பிட்டுகளுக்கும் சேர்த்தே அது ஒரு மைக்ரோஆம்பியர் அளவில்தான் இருக்கும். அந்தக் காசு வடிவ சிஆர் 2032 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. வகுத்துப் பாருங்கள்: 2,20,000 மணி நேரம், 25 ஆண்டு. கசிவு அதைவிடக் குறைவாக உள்ள சில்லு அமைந்தால் இன்னும் நீளும். ஆட்டம் ஓடும்போது பெட்டியின் 5 வோல்ட்டே சில்லுக்குப் போய்விடும். ஒரு டையோடு நடுவில் நின்று, பேட்டரிக்குள் அது பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும்.

இங்கேதான் கோத்தகிரி உள்ளே வருகிறது. டிரான்சிஸ்டர் போன்ற குறைகடத்திகளில் கசிவு மின்னோட்டம் வெப்பத்தைப் பொறுத்தது, தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் இரட்டிக்கும். சென்னையில் வெயில் காயும் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண் ஒன்றையும், வருடம் முழுக்க ஸ்வெட்டர் தேவைப்படும் நீலகிரி வீட்டுப் பரண் ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். 15, 20 டிகிரி வித்தியாசம் சுலபமாக இருக்கும். அதே கேசட் மலையில் மூன்று நான்கு மடங்கு குறைவாகக் கசியும். பேட்டரி தானாகவே வலுவிழப்பதும் குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். மாமாவின் வீரர்கள் பிழைத்திருப்பதில் அந்த ஊர்க் குளிருக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அந்த ஊரின் மூடுபனி நல்லது செய்யாது. கேசட்டின் செப்புக் கால்களில் ஈரம் படிந்து படலம் கட்டும். மாமா சொல்லும் ஊதல் அதை இன்னும் மோசமாக்கும், ஏனென்றால் மூச்சுக்காற்றில் இருப்பது ஈரமேதான். ஊதியபின் ஆட்டம் ஓடுவது உண்மை. ஓட வைப்பது, கேசட்டைக் கழற்றி மறுபடி செருகும்போது கால்கள் உரசிப் புதிதாகப் பொருந்துவது. ஊதாமல் கழற்றிச் செருகினாலும் அதே பலன் கிடைக்கும். செய்த இரண்டு காரியத்தில் எது பலன் தந்தது என்று பிரித்துப் பார்க்காமல் விடுவதில்தான் எல்லா மூடநம்பிக்கையும் பிறக்கிறது, இதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கேசட்டை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். தூய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், போதும்.

பேட்டரி பல வருடம் காப்பாற்றியதை ஒரு நொடியில் அழிக்கக்கூடிய தருணம் ஒன்று உண்டு. அது சுவிட்சை அணைக்கும் தருணம். 5 வோல்ட் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குப் போவதில்லை, சரிந்து இறங்கும். அந்த இடைவெளியில் பெட்டியின் செயலி (புராசசர்) தன் நிதானத்தை இழந்து, கண்ட இடத்தில் கண்டதை எழுதலாம். சேவ் இருக்கும் சில்லும் அதற்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே அணைக்கச் சொல்லி அந்த ஆட்டங்கள் திரையிலேயே எச்சரித்தன. ரீசெட் அழுத்தியிருக்கும்வரை செயலி அசையாது, எதையும் எழுதாது. கற்பூர மரம் விழும்போது யாரும் ரீசெட்டைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதால் மென்பொருளும் தன் பங்குக்குக் காவல் வைத்தது.

‘ஃபைனல் ஃபேன்டசி’யின் காவல் அழகானது. நடப்பு ஆட்டத்தின் விவரங்கள் சில்லில் முதல் 1,024 பைட்டில் இருக்கும். ஆட்டத்துக்குள் வரும் விடுதியில் தங்கிச் சேவ் செய்ததும் அவை அடுத்த 1,024 பைட்டுக்கு நகலாகும். நகலில் ஓரிடத்தில் 01010101 என்றும் அடுத்த பைட்டில் 10101010 என்றும் எழுதிவைக்கும். பிறகு எல்லாப் பைட்டுகளையும் கூட்டி, கூட்டுத்தொகை 255 வரும்படி ஒரு சரிபார்ப்புப் பைட்டைச் சேர்க்கும். அடுத்த முறை பெட்டியை இயக்கியதும் இந்த மூன்றையும் சோதிக்கும். பேட்டரி செத்த சில்லில் தாறுமாறாக நிரம்பியிருக்கும் எண்கள் அந்த இரண்டு பைட்டையும் தற்செயலாக ஒத்துப்போக 65,536இல் ஒரு வாய்ப்புதான், கூட்டுத்தொகையும் பொருந்த அதில் இன்னும் 256இல் ஒரு பங்கு. பொருந்தவில்லையென்றால் சேவ் இல்லை என்றே கொள்ளும். பிற்கால போக்கிமான் ஆட்டங்கள் இரண்டு நகல் வைத்து, ஒன்று கெட்டால் மற்றதை எடுத்துக்கொண்டன.

பிட் கெடுவதற்கு வானத்திலிருந்தும் ஒரு காரணம் வரும். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிச் சிதறடிக்கும் நியூட்ரான்கள் சிலிக்கானில் பட்டால் ஒரு புரட்டியைப் புரட்டிவிடக்கூடும். கடல்மட்டத்தைவிட மலையில் இவை அதிகம். 8 கிலோபைட் சில்லுக்கு இதனால் ஆபத்து மிக மிகக் குறைவு, மாமாவின் தங்கத்துக்குப் பயமில்லை. ஆனாலும் இந்தக் கதிர்களை ஆராயும் உலகத்தரமான கிரேப்ஸ்-3 ஆய்வகம் அவர் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊட்டியில்தான் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்துவது. கோலார் தங்கவயலில் பழைய சோதனை முடிந்தபின் அங்கிருந்த உணர்கருவிக் குழாய்களைக் கொண்டுவந்து, இந்தக் கதிர்களால் உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களைப் பிடிக்க, 3,712 குழாய்கள் கொண்ட மியூவான் தொலைநோக்கியைக் கட்டினார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே நின்ற ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை அதை வைத்தே அளந்தார்கள். பழைய குழாயில் இவ்வளவு செய்கிறவர்களுக்குப் புதியது வாங்கப் பணம் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. உடனே பயன் தராத ஆராய்ச்சிக்குக் காசு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன்.

பிறகு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999இல் வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் நாள், நேரம் காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடியது. நொடிக்கு 32,768 முறை துடிக்கும் படிகம் என்பதால் அவை சீக்கிரம் வற்றின. 2002இல் வந்த ரூபி, சஃபையரில் சேவ், மின்சாரமே இல்லாமல் நினைவில் வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறிவிட்டது, அங்கே பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும்தான் நிற்கும்.

இனி மாணவியின் இரண்டாவது கேள்வி. ஆமாம், பேட்டரியைக் கழற்றினால் சேவ் போய்விடும். தள்ளிப்போடவும் வேண்டாம். இவ்வகை லித்தியம் பேட்டரி கடைசிவரை 3 வோல்ட் பக்கமே காட்டிக்கொண்டிருந்து திடீரென்று விழும், மீட்டரில் நல்ல எண் வந்தாலும் நம்ப முடியாது. கேசட்டைப் படித்து யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் கருவிகள் கிடைக்கின்றன. முதலில் சேவை எடுத்துவையுங்கள், கோப்பு சரியாக 8,192 பைட் இருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 1,278ஆம் பைட்டில் 85உம் 1,279இல் 170உம் இருக்கும், மேலே சொன்ன 01010101, 10101010 அவைதான். இரண்டும் இருந்தால் நகல் நன்றாக வந்திருக்கிறது என்று நம்பலாம். அதன் பிறகு தகட்டு வால் உள்ள புதிய பேட்டரியை வாங்கி, பலகையில் உள்ள கூட்டல் குறியைப் பார்த்துப் பற்றவையுங்கள். பேட்டரியின் உடலில் நேரடியாகச் சூடு வைக்கக் கூடாது, வெடிக்கலாம். எல்லாம் முடிந்ததும் கோப்பைத் திரும்பக் கேசட்டில் எழுதி, மாமாவைக் கூப்பிட்டு ஆடச் சொல்லுங்கள். முடித்து அணைக்கும்போது ரீசெட்டைப் பிடித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.