பச்சை டிக்கை நம்பிய 14 மாதங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம். 12 கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர். டேலி கணக்கு, ஆர்டர் ஷீட், பையர்களுக்கு அனுப்பும் டிசைன் ஃபைல்கள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் எழும்பவில்லை என்று போன் வந்தது. அவர்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நான் போய்ச் சேர மணி பத்தரை ஆகிவிட்டது. டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு (RAID) கன்ட்ரோலர் செத்துப்போயிருந்தது, டிஸ்க் இரண்டையும் படிக்க முடியவில்லை.

எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. பேக்அப் இருக்கிறது. 14 மாதங்களாகத் தினமும் ராத்திரி ஒரு மணிக்கு ஓடி முடித்து, காலையில் பச்சை டிக்கோடு "வெற்றிகரமாக முடிந்தது" என்று மெயில் அனுப்பிக்கொண்டிருந்த மென்பொருள் அது. பெரிய கம்பெனியுடையது, வருடா வருடம் பணம் கட்டி ரினியூ செய்தது.

"தம்பி, எல்லாம் வந்துருமுங்களா?" என்று முதலாளி கேட்டார். "மத்தியானத்துக்குள்ள வந்துருமுங்க" என்றேன். அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

வேறொரு மெஷினில் ரீஸ்டோர் போட்டேன், அதாவது பேக்அப்பில் இருந்து ஃபைல்களைத் திரும்ப இறக்கினேன். 62 சதவீதம் வரை போய் நின்றது. ஆர்க்கைவை (பேக்அப் சேமித்து வைத்த ஃபைலை) படிக்க முடியவில்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு எண். மறுபடி போட்டேன், அதே 62. முந்தின நாள் பேக்அப், அதற்கு முந்தின வாரத்துப் பேக்அப் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். எல்லாம் அதே இடத்தில்தான் நின்றன.

காரணம் எளிமையானது. இந்த மாதிரி மென்பொருள்கள் தினமும் முழு டேட்டாவையும் நகல் எடுப்பதில்லை. முதல் நாள் மட்டும் முழுசாக எடுக்கும். அப்புறம் ஒவ்வொரு நாளும் மாறிய பகுதியை மட்டும் ஒரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். இடம் நிறையாமல் இருக்கப் பழைய துண்டுகளை முதல் நகலோடு அவ்வப்போது கலந்துவிடும். சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பிந்தைய எதுவும் பயன்படாது. எங்களுக்கு அறுந்தது அடியில் இருந்த முதல் நகலே. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அந்தக் கலக்கும் வேலை அதைக் கெடுத்திருக்கிறது. "சரிபார்" என்ற வசதியை நான் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனால் அது அன்றைக்கு எழுதிய துண்டை மட்டும் சரிபார்த்ததே தவிர, கலந்து முடிந்த நகலை ஒரு நாளும் தொடவில்லை. பச்சை டிக் அந்தத் துண்டுக்கு மட்டும்தான்.

அந்தக் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். முதல் பதில் ஆறு மணி நேரம் கழித்து வந்தது: மென்பொருள் என்ன செய்தது என்று பதிவாகும் லாக் ஃபைல்களை அனுப்புங்கள். அனுப்பினேன். மறுநாள் வேறு ஒருவர், அதே லாக் ஃபைல்களைக் கேட்டார். மூன்றாவது நாள் இன்னொருவர், புதிய வெர்ஷனுக்கு அப்டேட் செய்துவிட்டு லாக் அனுப்பச் சொன்னார். செய்தேன். புதிய வெர்ஷன் பழைய ஆர்க்கைவைத் திறக்கவே மறுத்தது. 11-ஆம் நாள்தான் விஷயம் தெரிந்த ஒருவர் எழுதினார். இது அந்த வெர்ஷனில் ஏற்கெனவே அறியப்பட்ட கோளாறாம், அடுத்த வெர்ஷனில் சரிசெய்துவிட்டார்களாம், கெட்டுப்போன ஆர்க்கைவை மீட்க வழியில்லையாம். ஏற்கெனவே அறியப்பட்ட கோளாறு என்றால், தினமும் எனக்குப் பச்சை டிக் மெயில் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இதை ஒரு மெயிலில் சொல்லத் தெரியவில்லையா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதே கம்பெனியின் சப்போர்ட்டை 2014, 2015 வாக்கில் எனக்குத் தெரியும். போன் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு இன்ஜினியர் ரிமோட்டில் வருவார். ஒருமுறை ராத்திரி இரண்டு மணி வரை கூடவே உட்கார்ந்து, வேலை முடிந்ததும் "நீங்க போய்த் தூங்குங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவரை மறக்க முடியாது. நடுவில் கம்பெனி கைமாறியது. இப்போது பதில் எழுதும் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட் மூட வேண்டும் என்ற கணக்கில் வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். மென்பொருளை எழுதியவர்களிடம் நேராகப் பேசக்கூட அவர்களுக்கு வழி இருப்பதில்லை.

அந்த அலுவலகத்தைக் காப்பாற்றியது கணக்குப் பார்க்கும் அக்கா. இரண்டாம் நாள் மெதுவாக என்னிடம் வந்து, "நான் சனிக்கிழமை சனிக்கிழமை பென்டிரைவ்ல டேலி ஃபோல்டரைக் காப்பி பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவனுங்க, அது ஆகுங்களா?" என்று கேட்டார். பழைய முதலாளி ஒருவர் சொல்லிக் கொடுத்த பழக்கமாம். வேறு மெஷினில் டேலியை நிறுவி அந்த ஃபோல்டரைக் காட்டினேன், திறந்துகொண்டது. சனிக்கிழமை மாலை வரைக்கும் உள்ள கணக்கு முழுசாக இருந்தது. ஆனால் டிசைன் ஃபைல்கள் போனவை போனவைதான். பையர்களிடமே கேட்டு, மெயிலைத் தோண்டி, பாதியைத்தான் திரும்பச் சேர்க்க முடிந்தது.

இது என் ஒருவனுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. பேக்அப் மென்பொருள் உலகத்தில் இருபது, முப்பது வருடமாக இதே போக்குதான். பேக்அப் எக்ஸெக் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய, நடுத்தர அலுவலகங்களில் விண்டோஸ் சர்வர் என்றாலே அதுதான் என்று ஒரு காலம் இருந்தது. 1999-ல் சீகேட்டிடம் இருந்து வெரிட்டாஸுக்குப் போனது, 2005-ல் சைமன்டெக்குக்கு, 2016-ல் பிரிந்து மறுபடி வெரிட்டாஸ் பெயருக்கு. 2024 டிசம்பரில் வெரிட்டாஸின் முக்கிய பேக்அப் தொழில் கோஹெசிட்டியோடு சேர்ந்தபோது, பேக்அப் எக்ஸெக் ஆர்க்டெரா என்ற தனிக் கம்பெனிக்குப் போனது.

இந்தப் பயணத்தில் 2012-ஆம் ஆண்டு பதிப்பை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். முகப்பை அடியோடு மாற்றினார்கள். எல்லா பேக்அப் வேலைகளையும் (ஜாப்) ஒரே இடத்தில் பார்க்கும் ஜாப் மானிட்டரை எடுத்துவிட்டார்கள். பல சர்வர்களை ஒரே ஜாபில் சேர்க்கும் வசதியும் போனது. பத்து, இருபது சர்வர் வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஜாப் போட வேண்டியதாயிற்று. உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய் எழுதினார்கள். பலர் பழைய 2010 பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள், பலர் வேறு மென்பொருளுக்குப் போய்விட்டார்கள். அந்த இரண்டு வசதிகளும் திரும்பி வந்தது 2014 பதிப்பில்தான். காலையில் வந்ததும் எது ஓடியது, எது தோற்றது என்று ஒரே பார்வையில் பார்ப்பது இந்த வேலையின் அடிப்படை. அதையே பறித்துவிட்டு அழகான திரை கொடுத்தால் யாருக்கு என்ன பயன்?

வீட்டுக்காரர்கள், சிறு கடைக்காரர்கள் பயன்படுத்தியவற்றின் கதையும் இப்படித்தான். கிராஷ்பிளான் தன் வீட்டுப் பயனர் சேவையை நிறுத்தப்போவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்தது, 2018 அக்டோபரில் மூடிவிட்டது. மோஸி 2007-ல் இஎம்சியிடம் போய், 2018-ல் கார்பனைட்டிடம் போய், அடுத்த வருடமே அந்தக் கார்பனைட்டை ஓப்பன்டெக்ஸ்ட் வாங்கியது. மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2024 ஜனவரி 1 வரைக்கும்தான்.

கம்பெனிகள் வாங்குவதும் விற்பதும் அவர்கள் வியாபாரம். எனக்குக் கவலை வேறு. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகள். இந்த 8 ஆண்டுக்குள் நீங்கள் வாங்கிய மென்பொருள் இரண்டு முறை கைமாறலாம், பெயர் மாறலாம், நிறுத்தவும்படலாம். அதன் ஆர்க்கைவை அதுவே வந்து திறந்தால்தான் உண்டு, வேறு எதுவும் திறக்காது. அன்றைக்கு அந்தப் பழைய வெர்ஷன் எங்கே கிடைக்கும், லைசென்ஸ் யார் கொடுப்பார்கள்? 2022 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, கணக்கை கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்அப் வைக்க வேண்டும். நான் போகும் அலுவலகங்களில் ஆடிட்டர்கள் அந்தப் பச்சை டிக் ரிப்போர்ட்டைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். ஒருமுறை ரீஸ்டோர் செய்து காட்டுங்கள் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டும்.

சரி, மென்பொருள்தான் கெட்டது, நாமே எல்லாம் எழுதிக்கொண்டால் தப்பித்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் கிட்லாப் என்ற இணைய சேவையில் ஒரு இன்ஜினியர் தவறுதலாக அசல் டேட்டாபேஸையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்அப்பைத் தேடினால் தினசரி நகல் எடுக்கும் நிரல் பழைய வெர்ஷன் கருவியோடு ஓடி, வெகு நாளாகத் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வி மெயில்களும் போயிருக்கின்றன, ஆனால் மெயில் சர்வர் அவற்றை டிஜிட்டல் முறையில் சரியாகக் கையெழுத்திடப்படாதவை என்று திருப்பிவிட்டிருக்கிறது. ஆறு மணி நேரம் முன்னால் ஒருவர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்டில் (அந்த நேரத்து டேட்டாவின் நகலில்) இருந்துதான் மீண்டார்கள். நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் வெளியில் எழுதினார்கள். அந்த நேர்மைக்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பணம் வாங்குகிற பேக்அப் கம்பெனிகளிடம் நான் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

அப்டேட்டால் கெடுகிறது என்றால் அப்டேட்டே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்னும் ஆபத்து. வீம் பேக்அப் மென்பொருளில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கு 2024 செப்டம்பரில் அப்டேட் வந்தது. சில வாரங்களிலேயே, அதைப் போடாத சர்வர்களில் அகிரா, ஃபாக் என்ற ரான்சம்வேர்க்காரர்கள் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள்) அந்த ஓட்டையைப் பயன்படுத்தினார்கள். ரான்சம்வேர் வைப்பவர்கள் முதலில் தேடுவதே பேக்அப்பைத்தான். அதனால் அப்டேட் போடத்தான் வேண்டும். போட்ட அந்த வாரமே புதிதாக ஒரு முழு நகல் எடுத்து, பழைய சங்கிலியைத் தனியே ஒதுக்கி வைத்து, ஒரு ரீஸ்டோர் செய்து பார்க்கவும் வேண்டும். அரை நாள் வேலைதான்.

திருப்பூர் சம்பவத்துக்குப் பிறகு நான் பார்க்கும் எல்லா அலுவலகங்களிலும் பேக்அப் மென்பொருளோடு இன்னொரு நகலும் உண்டு. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி எடுக்கும் கருவியை வைத்து, ஃபைல்களை ஃபைல்களாகவே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் போடுகிறேன். எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் திறக்கும், எந்த லைசென்ஸும் வேண்டாம். இரண்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம். நகல் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ரோபோகாப்பியில் மிரர் கட்டளையை மட்டும் யோசித்துப் போடுங்கள், அசலில் அழிந்தது நகலிலும் அழிந்துவிடும். டேலியில் திறந்திருக்கும் கம்பெனிக் கணக்கை மூடிவிட்டு எடுப்பதும் முக்கியம்.

ரினியூவலுக்கு இரண்டு மாதம் முன்னால் சப்போர்ட்டுக்கு ஒரு உண்மையான கேள்வியை, வெள்ளிக்கிழமை சாயங்காலமாக அனுப்புகிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆர்க்கைவை இப்போதைய வெர்ஷனில், புது மெஷினில் எப்படித் திறப்பது? லைசென்ஸ் முடிந்த பிறகும் ரீஸ்டோர் செய்ய முடியுமா? எழுத்தில் பதில் வேண்டும். கேள்வியைப் படித்த ஒரு மனிதரிடம் இருந்து பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வைக்கிறேன். சென்ற வருடம் ஒரு கம்பெனி ஒன்பது நாள் எடுத்தது, அதுவும் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். நான்கு அலுவலகங்களில் அந்த ரினியூவலை நிறுத்தினேன். கிளவுடில் வைத்திருப்பவர்களிடம் நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 50 எம்பிபிஎஸ் லைனில் 200 ஜிபியை இறக்க, லைன் முழு வேகத்தில் ஓடினாலே சுமார் 9 மணி நேரம். அந்த ஒரு நாள் பில் போடாமல் இருக்க முடியுமா என்பதை முதலாளி முன்கூட்டியே யோசித்துக்கொள்ளட்டும்.

அந்தத் திருப்பூர் அலுவலகத்தில் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ரீஸ்டோர் நாள். பழைய லேப்டாப் ஒன்றை நெட்டில் சேர்க்காமல் எடுத்து, மென்பொருளைப் புதிதாக நிறுவி, போன மாதத்துப் பேக்அப்பில் இருந்து எல்லாவற்றையும் இறக்குகிறோம். இறங்கி முடிந்ததும் நான் எழுந்துகொள்வேன், கணக்கு அக்கா உட்காருவார். டேலியைத் திறந்து, கடைசி வவுச்சர் எண்ணையும் க்ளோசிங் ஸ்டாக்கையும் தன் நோட்டில் எழுதி வைத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். டிசைன் ஃபோல்டரில் ஏதாவது நான்கு ஃபைல்களைத் திறந்து பார்ப்பார். அப்புறம் அந்த நோட்டில் தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் போட்டுத் தன் கையெழுத்தைப் போடுவார். போன முறை 3 மணி 40 நிமிஷம் ஆனது. பென்டிரைவ் காப்பியையும் அவர் இன்னும் நிறுத்தவில்லை.