6 மாதக் குழந்தையும் 500 மில்லிகிராம் கேப்சூலும்

"டாக்டர், இது கேன்சர் மாத்திரைன்னு சொல்றாங்களே, பிள்ளைக்கு எதுக்கு?" நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் சிக்கிள் செல் (ரத்த அணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) நோயாளி இருக்கும் வீட்டுக்குள் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து முதல்முறை நுழையும்போது கூடவே நுழையும் கேள்வி இது. சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. 1869இல் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட இந்த மருந்து சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்குத்தான் முதலில் பெயர் பெற்றது. ஆனால் அதே கேப்சூல் இங்கே செய்யும் வேலை வேறு.

நோயைப் பற்றிப் பள்ளிப்பாடம் அளவுக்குச் சொன்னால் போதும். ரத்த அணுவில் ஆக்சிஜன் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு சங்கிலிகள். பீட்டாவின் 6ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் உட்கார்ந்துவிடுகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லை, மலேரியாவுக்கு எதிராகக் கொஞ்சம் பாதுகாப்புகூட உண்டு. இந்தியாவில் இந்த மரபணு இருப்பது முதலில் தெரியவந்ததே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பார்த்தபோதுதான்.

இனி, பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும் இடம். ரத்த அணு ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபினின் உருவம் கொஞ்சம் மாறி, பக்கத்து மூலக்கூறில் ஒரு சிறு பள்ளம் திறக்கும். தண்ணீர் ஆகாத வேலின் அதில் போய்ச் செருகிக்கொள்ளும். இப்படி ஒன்றோடொன்று கோர்த்து, 14 இழை முறுக்கிய கம்பியாகி, அணுவை அரிவாள் போல வளைத்துவிடும். ஆனால் இது உடனே நடப்பதில்லை. முதலில் சில மூலக்கூறுகள் தற்செயலாகச் சேர்ந்து ஒரு கரு உண்டாக வேண்டும். அதுவரை ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கரு அமைந்ததும் மளமளவென்று இறுகும். அடுப்பில் பாகு வெகுநேரம் தண்ணியாகவே இருந்து, திடீரென்று கம்பிப் பதம் வருகிறதல்லவா, அதுபோலத்தான்.

அந்தக் காத்திருப்பு நேரம் அடர்த்தியைப் பொறுத்து மாறும் வேகம்தான் அசர வைக்கிறது. சோதனைக்கூட அளவீடுகளில் அது ஏறக்குறைய 30ஆம் அடுக்காக மாறுகிறது. அரிவாள் ஹீமோகுளோபினின் அடர்த்தி வெறும் 10 சதவீதம் குறைந்தால் காத்திருப்பு 20 மடங்குக்கு மேல் நீளும். பாகில் ஒரு கரண்டி தண்ணீர் கூடினால் அதிரசம் கெடுவது போல. ஒரு ரத்த அணு நுண்குழாயைக் கடக்க ஏறக்குறைய ஒரு விநாடி. அதற்குள் இறுகாமல் தப்பிவிட்டால் போதும், அகலமான நாளங்கள் வழியாக நுரையீரலுக்குப் போய் மறுபடி ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளும். ஆக, நோயை முழுதாக அழிக்க வேண்டியதில்லை. சில விநாடி தாமதப்படுத்தினாலே பாதி வெற்றி.

தாமதப்படுத்த ஆள் ஏற்கெனவே நம் உடம்பில் இருக்கிறார்: கருவில் இருந்தபோது ஓடிய ஃபீட்டல் ஹீமோகுளோபின். அதில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. கம்பி முறுக்கும்போது பக்கத்து இழையைத் தொடும் 87ஆவது இடத்தில் காமாவின் அமினோ அமிலம் வேறு, அதனால் அது கோர்வையில் சேராது. ஒரு பக்கம் காமா, மறுபக்கம் அரிவாள் பீட்டா என்று கலப்பாக உருவாகும் மூலக்கூறும் சேராது. இந்த நோயோடு பிறந்த குழந்தை முதல் சில மாதம் நன்றாகவே இருப்பது இதனால்தான். 1948இல் ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, காரணம் இதுவாக இருக்கலாம் என்றார். 6 மாதத்தை ஒட்டிக் காமா குறைந்ததும் விரல்கள் வீங்கி, குழந்தை வீரிட்டு அழும். கண்ணு பட்டது என்று கயிறு கட்டுகிறார்கள். கட்டட்டும், கட்டிய கையோடு ரத்தப் பரிசோதனைக்கும் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான்.

ஹைட்ராக்ஸியூரியா அந்தப் பழைய சங்கிலியைத் திரும்ப வரவழைக்கிறது. டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருள் தயாரிக்கும் நொதியை அது சில மணி நேரம் முடக்கும். எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த, முதிர்ச்சியை நெருங்கிய அணுக்கள் நின்றுபோகும். பற்றாக்குறையைச் சமாளிக்க, காமா தயாரிக்கும் பழக்கத்தை இன்னும் விடாத இளம் அணுக்கள் அவசரமாக முன்னே வரும் என்பதுதான் இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். அணுக்களும் பருமனாகும், உள்ளிருக்கும் பாகு இன்னும் நீர்க்கும். 1995இல் 299 பேரை வைத்து வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 4.5 முறை கடும் வலி வந்தது, ஹைட்ராக்ஸியூரியா எடுத்தவர்களுக்கு 2.5 முறைதான்.

அளவு எடையைப் பொறுத்தது. வழக்கமாகக் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி., நாளைக்கு ஒரே வேளை. 25 கிலோ பிள்ளைக்கு 20 மி.கி. கணக்கில் ஒரு 500 மி.கி. கேப்சூல். நம் ஊரில் கிலோவுக்கு 10 மி.கி.யில் தொடங்கும் மருத்துவர்களும் உண்டு. சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். "ஒரு மாசம் சாப்பிட்டும் வலி வருது" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

மஜ்ஜையை அடக்கும் மருந்து என்பதால், தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கை பார்த்தே ஆக வேண்டும். பிளேட்லெட் 80,000க்குக் கீழே போனாலோ வெள்ளணு மிகவும் இறங்கினாலோ நிறுத்தி, ஏறிய பிறகு குறைந்த அளவில் தொடர்வார்கள். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. வாய்ப்புண் வந்தால் சொல்ல வேண்டும். நகம் கறுப்பது பயப்பட ஒன்றுமில்லை. கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும், ஆண்களும்தான், விந்தணு குறையும். கேப்சூலை உடைத்துப் பாலில் கொட்டக் கூடாது. அந்தத் தூள் தொடுகிறவருக்கும் ஆகாது, கர்ப்பிணி அதைத் தொடவே வேண்டாம்.

மருந்து இருந்தும் மலை தன் வேலையைக் காட்டும். ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால்வாசி குறைவு, அதனால் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. போதாக்குறைக்குக் குளிர், ரத்தக் குழாயை இழுத்துப் பிடித்து ரத்தம் ஓடும் வேகத்தைக் குறைக்கும். நுண்குழாயைக் கடக்கும் அந்த ஒரு விநாடி நீளும். கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறிப் போகிறவர் ஸ்வெட்டரும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்வது அலங்காரத்துக்கு அல்ல. குளிரில் தாகம் தெரியாது. தண்ணீர் வற்றினால் பாகு கெட்டியாகும்.

2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த மரபணு சிகிச்சைகளில் ஒன்றின் விலை 22 லட்சம் டாலர். அதுவும் செய்வது ஃபீட்டல் ஹீமோகுளோபினைத் திரும்ப வரவழைப்பதைத்தான். அதே ஆண்டு ஜூலையில் இங்கே தொடங்கிய தேசியத் திட்டத்தின் இலக்கு 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது. நல்லதுதான். ஆனால் பரிசோதனை முடிவு எழுதிய கார்டைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பது எனக்கு உடன்பாடில்லை. கேப்சூல் மலிவானது, எஸ்டேட் லைனுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் அது தீராமல் இருக்க வேண்டும், எண்ணிக்கை பார்க்கும் இயந்திரமும் ஓட வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்ற வரியைப் பாருங்கள், சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் அது மெல்ல ஏறி 100ஐயும் தாண்டலாம். விவரம் தெரியாதவர் பி12 குறைபாடு என்று ஊசி எழுதிவிடுவார்.