‘சுதந்திர ஊழியர்’ என்னும் பிழை

அண்மையில் சிங்கப்பூரில் ஒரு தமிழ் விளக்கக் கூட்டத்தில், துணைப்பாட ஆசிரியர்களும் திருமணப் படம் எடுப்போரும் தம் தொழிலை எப்படிப் பதிவுசெய்வது என்று பேசியவர், அவர்களை, ‘ஃப்ரீலான்ஸர்’ என்பதன் தமிழாக்கமாக, மூச்சுக்கு மூச்சு ‘சுதந்திர ஊழியர்’ என்றார். “அப்படியென்றால் எங்கள் மசேநி (மத்திய சேம நிதி) பணத்தை யார் கட்டுவார்கள்?” என்று ஓர் அம்மையார் கேட்டார். அவரை அப்படிக் கேட்கவைத்தது அந்தச் சொல்தான். இதே சொல்லைத் துண்டறிக்கைகளிலும் பலமுறை பார்த்துவிட்டேன்.

‘ஃப்ரீலான்ஸ்’ என்பது, எந்த அரசனுக்கும் கட்டுப்படாமல் கூலிக்குப் போரிட்ட ஈட்டி வீரனைக் குறித்து 19ஆம் நூற்றாண்டில் பரவிய ஆங்கிலச் சொல். ‘சுதந்திர’ என்னும் அடை அங்கிருந்து வந்தது, அதுகூடப் பொறுக்கத்தக்கதே. பொறுக்க முடியாதது ‘ஊழியர்’. ஊழியம் என்பது மேலுள்ள ஒருவருக்குச் செய்யும் பணி. தேவாலயத்தில் இறைபணியை ஊழியம் என்பதும் அதனால்தான். ஊழியர் என்றதும் அவருக்கு மேல் ஒரு முதலாளி நிற்கிறார். முதலாளி இல்லாத நிலையைக் குறிக்கவே இச்சொல் தேவைப்படுகிறது என்பதை மொழிபெயர்த்தவர் எண்ணிப் பார்க்கவில்லை.

சிங்கப்பூரில் இந்த வேறுபாடு பணத்தைத் தொடும். ஊழியரின் மசேநி கணக்கில் முதலாளியும் பங்கு செலுத்துவார். சுயதொழில் செய்பவரோ, ஆண்டுக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால், மசேநியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கணக்கில் தாமே செலுத்த வேண்டும். 2025 சனவரி 1இல் நடப்புக்கு வந்த சட்டம், செயலிவழி உணவு விநியோகிப்போரையும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநரையும் இவ்விரு வகைக்கும் இடையே தனி வகையாக்கி, வேலைக் காயத்துக்கான இழப்பீட்டை நிறுவனங்களின் பொறுப்பாக்கியது. ஊழியர் என்னும் சொல் அவர்களுக்கு ஓரளவு பொருந்தும். அவர்களுக்கும் சுயதொழில் செய்பவருக்கும் ஒரே சொல்லை வைத்தால், கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

‘சுய’ வடசொல் என்பதால் சிலர் ‘தன்தொழில்’ என்கிறார்கள். புணர்ச்சி விதிப்படி அது ‘தற்றொழில்’ ஆகும். அதைப் படித்து ஒருவரும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பமாட்டார். தூய்மையை நானும் விரும்புகிறேன், ஆனால் சட்டம் சார்ந்த சொல்லில் தெளிவுக்கே முதலிடம். ‘சுயதொழில் செய்பவர்’ ஏற்கெனவே மக்கள் நாவில் இருக்கிறது. சுருக்கம் வேண்டுமென்றால் ‘சுயதொழிலர்’ என்று எழுதலாம்.

அதே கூட்டத்தில் ‘பதிவு’, ‘உரிமம்’ ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதையும் சொல்லியாக வேண்டும். பதிவு என்பது பெயரை ஏட்டில் ஏற்றுவது. உரிமம் என்பது செய்வதற்கான அனுமதி. அடையாள அட்டையில் உள்ள தம் முழுப்பெயரிலேயே தனியாகத் தொழில் நடத்துபவர், தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவுசெய்ய வேண்டியதில்லை. வருமானத்தை வரி ஆணையத்திடம் தெரிவித்தால் போதும். சுற்றுலா வழிகாட்டிக்கோ, எந்தப் பெயரில் தொழில் செய்தாலும் உரிமம் வேண்டும். துணைப்பாடம் சொல்லித்தரும் அந்த அம்மையார், தமக்கு ‘உரிமம்’ இல்லையே என்ற அச்சத்தோடு வீடு திரும்பியிருப்பார்.