கெர்னல் அட்டவணையைப் படித்த பிறகே அதில் கை வையுங்கள்

நெட்வொர்க் கருவிகளின் லாக் செய்திகளைச் சேகரிக்கும் சர்வரைச் சில ஆண்டுகளுக்கு முன் புதிய இயந்திரத்துக்கு மாற்றினோம். கருவிகள் அனைத்தும் ஒரு பொது முகவரியின் 514ஆம் யுடிபி போர்ட்டுக்குச் செய்தி அனுப்பும். யுடிபி என்பது முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமலே செய்தி அனுப்பும் நெறிமுறை. நடுவில் இருக்கும் லினக்ஸ் கேட்வே அந்த முகவரியைச் சேகரிப்பு இயந்திரத்தின் உண்மையான முகவரியாக மாற்றி உள்ளே அனுப்பும். ஆகவே கேட்வேயில் ஒரே ஒரு விதியைத் திருத்தினால் போதும் என்று எண்ணினோம். திருத்திவிட்டு விதிப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது புதிய முகவரி சரியாக இருந்தது. புதிய சர்வரில் செய்திகளும் வந்து சேரத் தொடங்கின. இரண்டு நாள் கழித்து வேறொரு கோளாறை ஆராயும்போதுதான், ஓயாமல் செய்தி அனுப்பும் முக்கியமான ரூட்டர்களின் லாக் ஒன்றுகூடப் புதிய இடத்தில் இல்லை என்பது தெரிய வந்தது. அவை அனைத்தும் இன்னும் அணைக்கப்படாத பழைய இயந்திரத்துக்கே போய்க்கொண்டிருந்தன.

காரணம் விதியில் இல்லை. லினக்ஸின் மையமான கெர்னலில் பாக்கெட்டுகளை, அதாவது வலையில் செல்லும் தரவுத் துண்டுகளை, கையாளும் நெட்ஃபில்டர் பகுதி முகவரி மாற்ற விதிகளை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஓர் ஓட்டத்தின், அதாவது இரு முனைகளுக்கு இடையே தொடர்ந்து செல்லும் பாக்கெட் வரிசையின், முதல் பாக்கெட்டுக்கு மட்டும் விதியைப் பார்த்து, எடுத்த முடிவை இணைப்புகளைத் தடமறியும் அட்டவணையில் குறித்துக்கொண்டு, பின்னால் வரும் பாக்கெட்டுகளை அந்தக் குறிப்பின்படியே திருப்பிவிடுகிறது. பதில் வராத யுடிபி ஓட்டத்தின் குறிப்புக்கு இயல்பான ஆயுள் 30 வினாடி. அதற்குள் இன்னொரு பாக்கெட் வந்துவிட்டால் கணக்கு மறுபடியும் 30இலிருந்து தொடங்கும். அவ்வப்போது மட்டும் பேசும் கருவிகளின் குறிப்புகள் காலாவதியாகி, அடுத்த செய்தி புதிய விதியின்படி புதிய சர்வருக்குச் சென்றது. சில வினாடிகளுக்கு ஒருமுறை செய்தி அனுப்பும் கருவிகளின் குறிப்புகளோ சாகவே இல்லை. நமக்கு மிகவும் வேண்டிய லாக் எதுவோ, அதுவே தவறான இடத்துக்குப் போனது.

அன்று எங்களுக்கு உண்மையைக் காட்டியது ஒற்றை வரி. அந்த அட்டவணையைக் கையாளும் ‘கான்ட்ராக்’ கட்டளையைப் பட்டியலிடுவதற்கான பெரிய எழுத்து ‘எல்’ விருப்பத்தோடு, யுடிபி என்றும் சேரிடப் போர்ட் 514 என்றும் வடிகட்டி இயக்கியபோது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி வந்தது. யுடிபி, அதன் நெறிமுறை எண்ணான 17, எஞ்சியிருக்கும் வினாடிகள் 29. பிறகு ரூட்டரின் முகவரியிலிருந்து பொது முகவரிக்கு என்னும் முதல் பாதி. பதில் வரவில்லை என்னும் அடையாளம். அதன்பின், பதில் வந்தால் எந்த முகவரியிலிருந்து வர வேண்டும் என்னும் இரண்டாம் பாதி. பலர் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். முகவரி மாற்றம் நடக்கும் இடத்தில் செய்தி இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. அங்கே பழைய இயந்திரத்தின் முகவரி இருந்தது.

இந்த நிகழ்வுக்குப் பிறகு என்னோடு பணியாற்றும் ஒவ்வொருவரிடமும் நான் வலியுறுத்துவது இதைத்தான்: கட்டமைப்புக் கோப்பில் எழுதியிருப்பது நம்முடைய விருப்பம், விதிப் பட்டியல் கெர்னலுக்குக் கொடுத்த உத்தரவு, இந்த நொடியில் நடைமுறையில் இருப்பதோ கெர்னலின் நினைவகத்தில் உள்ள அட்டவணை. மூன்றும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிக்கொண்டு வேலை செய்வது ஆபத்தானது. அந்த அட்டவணையைப் படிக்கவும், தேவையானால் அதில் ஒரே ஒரு பதிவை மட்டும் திருத்தவும் கட்டளை வரியிலேயே கருவிகள் இருக்கின்றன.

ஒரே ஒரு பதிவை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறிப்பு பழையது என்று கண்டவுடன் கூட இருந்த ஒருவரின் கை முழு அட்டவணையையும் காலி செய்யும் விருப்பத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டது. அந்தக் கட்டளை ஓடியிருந்தால், அந்த நொடியில் கேட்வே வழியாகச் சென்றுகொண்டிருந்த எல்லா இணைப்புகளின் முகவரி மாற்றக் குறிப்புகளும் மறைந்திருக்கும். வெளியிலிருந்து வரும் பதில் பாக்கெட்டை உள்ளே யாரிடம் சேர்ப்பது என்பது கேட்வேக்கே தெரியாமல் போயிருக்கும். லாக் செய்திக்காக மற்ற எல்லோருடைய வேலையையும் அறுத்திருப்போம். நான் பின்பற்றும் முறை எளிமையானது. முதலில் வடிகட்டியோடு பட்டியலிடும் கட்டளையை இயக்கி, வந்த வரிகளை எண்ணிப் பார்க்கிறேன். நான் நீக்க நினைத்தவை மட்டுமே வருகின்றன என்று உறுதியான பிறகு, அதே கட்டளையைத் திரும்ப வரவழைத்து, ‘எல்’ என்னும் எழுத்தை மட்டும் நீக்குவதற்கான ‘டி’ என்று மாற்றுகிறேன். வடிகட்டியைப் புதிதாகத் தட்டச்சு செய்வதில்லை. பிழை நுழைவது அங்கேதான்.

இணைப்பு அட்டவணைக்காவது மனிதர் படிக்கக்கூடிய வடிவம் இருக்கிறது. பிபிஎஃப் மேப்களில் அந்த வசதியும் எப்போதும் கிடைப்பதில்லை. பிபிஎஃப் என்பது சிறு நிரல்களைக் கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் வசதி. அந்த நிரல்களும் வெளியே இருக்கும் நிரல்களும் தரவைப் பகிர்ந்துகொள்ளும் இந்த அட்டவணைகளுக்கான அடித்தளம் 2014இல் வெளியான 3.18 கெர்னலில் வந்தது. அவற்றைக் கையாளும் பிபிஎஃப்டூல் 2018 ஜனவரியில் வந்த 4.15 கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தது. இன்று தடைப்பட்டியல், சுமைப் பகிர்வு, போக்குவரத்துக் கணக்கு எனப் பலவும் இந்த மேப்களில்தான் வாழ்கின்றன. நெட்ஃபில்டர் விதிகளைக் காட்டும் ஐபிடேபிள்ஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு எந்தத் தடையும் இல்லை என்று முடிவு கட்டுகிறவருக்கு, பிபிஎஃப் நிரல் ஒன்று மேப்பைப் பார்த்துப் பாக்கெட்டை அதற்கு முன்பே வீழ்த்திவிடுவது தெரியவே தெரியாது.

‘பிபிஎஃப்டூல் மேப் ஷோ’ என்று இயக்கினால் ஒவ்வொரு மேப்புக்கும் அடையாள எண், வகை, பெயர், பதிவைத் தேடப் பயன்படும் திறவுகோலின் பைட் அளவு, அதோடு சேமிக்கப்படும் மதிப்பின் பைட் அளவு, அதிகபட்சப் பதிவுகளின் எண்ணிக்கை ஆகியவை கிடைக்கும். பெயர் 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் நீண்ட பெயர்கள் நடுவில் வெட்டுப்பட்டுத் தெரியும். ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு மேப்கள் ஒரே பெயரோடு தோன்றலாம். ஆகையால் பெயரை நம்பாமல், ‘பிபிஎஃப்டூல் ப்ராக் ஷோ’ காட்டும் நிரலின் வரியில் எந்த மேப் எண்கள் இணைந்திருக்கின்றன என்று பார்த்து, அந்த எண்ணை வைத்தே மேற்கொண்டு செல்லுங்கள்.

இனி, நான் நேரில் கண்டவற்றுள் மிக அதிக நேரத்தை விழுங்கிய பிழையைச் சொல்கிறேன். குறிப்பிட்ட போர்ட்களை அனுமதிக்கும் ஒரு மேப் இருந்தது. திறவுகோல் 2 பைட், அதாவது போர்ட் எண். அவசரத்துக்குக் கட்டளை வரியிலிருந்தே ஒரு போர்ட்டைச் சேர்க்க முடிகிறதா என்று சோதிக்க, கையில் இருந்த 514ஐ எடுத்து, பைட்டுகளாக 2, 2 என்று எழுதினோம். 2ஐ 256ஆல் பெருக்கி 2ஐக் கூட்டினால் 514. சோதனை வெற்றி. மறுநாள் உண்மையான தேவை வந்தபோது 443ஐச் சேர்த்தோம். 443 என்பது 256உடன் 187. நம் இயந்திரங்கள் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைப்பவை என்பதால் 187, 1 என்று கொடுத்தோம். கட்டளை எந்தப் பிழையும் சொல்லாமல் முடிந்தது. மேப்பைக் கொட்டிப் பார்த்தால், அதாவது அதன் பதிவுகள் அனைத்தையும் வெளியே எடுத்துப் பார்த்தால், பதிவு இருந்தது. போக்குவரத்து மட்டும் நடக்கவில்லை.

அந்த நிரல் போர்ட் எண்ணைப் பாக்கெட்டின் தலைப்பிலிருந்து எடுத்து, இயந்திர வரிசைக்கு மாற்றாமல் அப்படியே திறவுகோலாகப் பயன்படுத்தியது. நெட்வொர்க் வரிசையில் பெரிய பகுதிதான் முதலில் வரும். ஆகவே அது தேடியது 1, 187. நாங்கள் சேர்த்த 187, 1 என்பதை அந்த வரிசையில் படித்தால் 47873ஆம் போர்ட். யாரும் கேட்காத ஒரு போர்ட்டைத் திறந்துவைத்துவிட்டு, வேண்டிய போர்ட் ஏன் திறக்கவில்லை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். 514இன் இரண்டு பைட்டுகளும் ஒன்றாகவே இருப்பதால் எந்த வரிசையில் கொடுத்தாலும் அது வேலை செய்யும். எங்கள் சோதனை எதையுமே சோதிக்கவில்லை. திருப்பிப் போட்டால் மாறிவிடும் எண்ணைக் கொண்டே சோதியுங்கள். அதைவிட நல்ல வழி, நிரல் தானாக எழுதிவைத்திருக்கும் பதிவு ஒன்றை முதலில் கொட்டிப் பார்த்து, தெரிந்த போர்ட் அல்லது தெரிந்த முகவரி அங்கே எந்த வரிசையில் கிடக்கிறது என்று கண்ணால் கண்டுகொள்வது. பிபிஎஃப்டூல் பைட்டுகளை இயல்பாகப் பத்தடிமான எண்களாகவே வாங்கிக்கொள்ளும். பதினாறடிமானத்தில் கொடுக்க வேண்டுமானால் ‘ஹெக்ஸ்’ என்னும் சொல்லைப் பைட்டுகளுக்கு முன் சேர்க்க வேண்டும், அல்லது ஒவ்வொரு பைட்டுக்கும் 0x என்னும் முன்னொட்டு வேண்டும். 10 என்று எழுதிவிட்டு 16ஐ எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மேப்போடு வகை விவரமும் சேர்த்து ஏற்றப்பட்டிருந்தால், கொட்டும்போது புலங்களின் பெயரோடு படிக்கும்படி வரும். நிரல் எழுதுகிறவர்கள் அந்த விவரத்தை நீக்காமல் வைத்திருப்பது, பின்னால் நள்ளிரவில் அதைப் பார்க்கப்போகிறவருக்குச் செய்யும் பெரிய உதவி.

திறவுகோல் பல புலங்களால் ஆனதாக இருந்தால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. 4 பைட் முகவரி, 2 பைட் போர்ட், 1 பைட் நெறிமுறை என்று கூட்டினால் 7. மேப் காட்டும் அளவோ 8. கடைசி பைட் வெற்று நிரப்பு. திறவுகோலை வைத்துப் பதிவைத் தேடும் ஹாஷ் வகை மேப் அந்த நிரப்பையும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறது. இரு பக்கமும் அது பூஜ்யமாக இல்லாவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு திறவுகோல்கள் கெர்னலுக்கு வேறு வேறு.

பிழைச் செய்திகளும் சில வேளைகளில் திசை திருப்பிவிடும். நிரம்பிய ஹாஷ் மேப்பில் புதிய பதிவைச் சேர்க்க முயன்றால், இடமில்லை என்று வராது. தந்த வாதங்களின் பட்டியல் மிக நீளம் என்னும் பொருள்படும் பழைய யுனிக்ஸ் செய்திதான் வரும். அதைப் படித்துவிட்டுக் கட்டளையைச் சுருக்க முயல வேண்டாம். பதிவுகளை எண்ணி, அதிகபட்ச எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எல்ஆர்யு வகை மேப் இந்த அளவுக்குக்கூட எச்சரிக்காது. நிரம்பியதும் நெடுநேரம் தொடப்படாத பதிவுகளைத் தானே வெளியேற்றிவிட்டுப் புதியதை ஏற்றுக்கொள்ளும். அவ்வகை மேப்பில் தடைப்பட்டியலை வைப்பது என் பார்வையில் தவறான தேர்வு.

பதிவுகளை வரிசை எண்ணால் அடுக்கிவைக்கும் அரே வகை மேப்பில் பதிவை நீக்கவே முடியாது. மதிப்பைப் பூஜ்யமாக்கத்தான் முடியும். ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி மதிப்பு வைத்திருக்கும் மேப்களைக் கொட்டினால் ஒரே திறவுகோலுக்குப் பல மதிப்புகள் வரும். அவற்றைக் கூட்டினால்தான் மொத்தக் கணக்கு. மேலும், ஓடிக்கொண்டிருக்கும் ஹாஷ் மேப்பைக் கொட்டுவது ஒரு கணத்தின் புகைப்படம் அல்ல. கருவி ஒரு திறவுகோலைக் கொடுத்து அடுத்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் நகர்கிறது. இடையில் அந்தத் திறவுகோல் நீக்கப்பட்டுவிட்டால் கெர்னல் மறுபடியும் முதல் பதிவைத் தந்துவிடும். ஒரே பதிவு இரண்டு முறை வந்திருக்கிறதே என்று கருவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை வைத்து நுணுக்கமான கணக்குப் போடாமல் இருந்தால் போதும்.

கையால் செய்த மாற்றம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மேப்பைப் பிடித்திருக்கும் கடைசி நிரலும் விலகியதும் மேப்பே மறைந்துவிடும். பிபிஎஃப் கோப்பு முறைமையில் அதற்கு ஒரு பெயர் கொடுத்துப் பொருத்திவைத்தால் நிரல் போன பின்னும் இருக்கும், ஆனால் இயந்திரம் மறுதொடக்கமானால் அதுவும் இல்லை. மேப்பை நிர்வகிக்கும் சேவை ஏதாவது இருந்தால், அது தன் கணக்கின்படி நம் பதிவை மேலெழுதிவிடவும் கூடும். ஆகவே கட்டளை வரித் திருத்தம் என்பது முதலுதவி. அதே வேலைநேரத்துக்குள் நிரந்தரக் கட்டமைப்பிலும் அது ஏற வேண்டும்.

விதிகளுக்கான முகவரிப் பட்டியல்களை வைத்திருக்கும் ஐபிசெட் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் நல்ல வசதி இருக்கிறது. பெரிய பட்டியலை மாற்ற வேண்டியபோது, இருப்பதைக் காலி செய்து நிரப்பினால் நடுவில் பாதுகாப்பற்ற இடைவெளி உருவாகும். புதிய பட்டியலை வேறு பெயரில் உருவாக்கி நிரப்பிவிட்டு ‘ஸ்வாப்’ கட்டளையால் ஒரே அடியில் இடம் மாற்றுங்கள். ஹாஷ் வகைப் பட்டியலின் இயல்பான உச்சவரம்பு 65536 பதிவுகள் என்பதையும் நினைவில் வையுங்கள். உருவாக்கும்போதே அதை உயர்த்தாவிட்டால், வெளியிலிருந்து தானாக வந்து சேரும் தடைப்பட்டியல்கள் ஒருநாள் அந்த எல்லையில் முட்டும். அதன்பின் வரும் முகவரிகள் தடைபடா.

இணைப்பு அட்டவணைக்கும் உச்சவரம்பு உண்டு; நிலைபெற்ற டிசிபி இணைப்பின் குறிப்புக்கு இயல்பான ஆயுள் 432000 வினாடி, அதாவது 5 நாள், என்பதால் முறையாக மூடப்படாத இணைப்புகள் அங்கே குவியும். அண்டைக் கருவிகளின் முகவரி அட்டவணையில் 128, 512, 1024 என மூன்று படிநிலை வரம்புகள் இயல்பாக அமைந்திருக்கின்றன. பெரிய உள்வலையில் மூன்றாவது வரம்பு எளிதில் நிறைந்துவிடும். இரண்டிலும் அட்டவணை நிறைந்தால் கெர்னல் லாகில் தெளிவான செய்தி வரும். பயன்பாட்டின் லாகில் வெறும் கால தாமதம் மட்டுமே தெரியும் என்பதால், கெர்னல் லாகைப் பார்க்காத குழு டேட்டாபேஸைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்.

கேட்வேயில் முகவரி மாற்ற விதியைத் திருத்தும் ஒவ்வொரு பணிக்குறிப்பிலும் இப்போது இரண்டு வரிகளைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்: திருத்தத்துக்கு முன் அந்தப் போர்ட்டுக்கான இணைப்புக் குறிப்புகளை வடிகட்டி எடுத்துத் தேதியிட்ட கோப்பில் சேமிப்பது, திருத்தியபின் அதே வடிகட்டியை மீண்டும் இயக்கி, ஒவ்வொரு வரியின் இரண்டாம் பாதியிலும் புதிய முகவரி வந்துவிட்டதா என்று பார்ப்பது. பழைய முகவரி ஒரு வரியிலாவது எஞ்சியிருக்கும் வரை அந்தப் பணியை நாங்கள் முடித்துவைப்பதில்லை.