டிக்கெட் தீர்ந்தது, வேன் வாடகை பாக்கி: புதிய பிரிட்டிஷ் கலைஞர்கள் சிலரும் அவர்கள் கணக்கும்

பிரிட்டனில் இண்டி (பெரிய கம்பெனிகளைச் சாராமல் வளர்ந்த, பெரும்பாலும் கித்தார் இசை), பாப் கலைஞர்களுக்கு வரவு செலவும், பாட்டு ஒலிப்பதற்குக் கிடைக்கும் ராயல்டியும் பார்ப்பது என் வேலை. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். உன்னிடம் கணக்கு வைத்திருப்பவர்கள் யார் யார்? புதிதாக யாரைக் கேட்கலாம்? முதல் கேள்விக்கு வாய் திறந்தால் வேலை போய்விடும். இரண்டாவதற்குத்தான் இந்தக் கட்டுரை. கீழே பெயர் சொல்லியிருக்கும் யாரும் என் வாடிக்கையாளர் இல்லை; ஒரு ரசிகனாக மட்டும் எனக்கு அவர்களைத் தெரியும். ஆனால் பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துபோக என் தொழில் விடாது. இந்த நாட்டில் ஒரு குழுவின் படம் பத்திரிகை அட்டையில் வந்த அதே மாதம், அந்தக் குழு வேன் வாடகைக்குத் திண்டாடுவது சர்வசாதாரணம்.

முதலில் இங்கிலிஷ் டீச்சர். லீட்ஸ் நகரத்துக் குழு, நான்கு பேர். பாடுபவர் லில்லி ஃபொன்டெய்ன். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி விருது 2024-இல் இவர்களுடைய முதல் ஆல்பத்துக்குக் கிடைத்தது. லண்டனுக்கு வெளியே இருந்து வந்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. கேட்டுப் பாருங்கள்: பேசுவதுபோல் தொடங்கும் குரல் எதிர்பாராத இடத்தில் மேலே ஏறும், தாளம் நடுவழியில் மாறும், கித்தார் ஒரு பக்கம் போக பியானோ இன்னொரு பக்கம் போகும். முதல் முறை ஒட்டாது. மூன்றாம் முறை விடாது. கறுப்பினப் பின்னணி உள்ள பெண் என்றாலே ஆர் அண்ட் பி (கறுப்பின அமெரிக்கர்களின் இசை மரபிலிருந்து வந்த பாணி) தான் பாடுவாள் என்று நினைப்பவர்களைக் கிண்டல் செய்து ஒரு பாட்டே போட்டிருக்கிறார் லில்லி.

பாட்டைவிட எனக்கு அவரிடம் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. சிறிய இசை அரங்குகளின் நிலையை நாடாளுமன்றக் கலாசாரக் குழு விசாரித்தபோது, அங்கே போய் ஊர் ஊராகப் பாடும் ஒரு குழுவின் வருமானம் எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவர்களில் இவரும் ஒருவர். பொதுவாகக் கலைஞர்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். தோற்றுப்போனதாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? எந்தக் குழுவின் கணக்கும் இல்லை இது, உதாரணம்தான். ஆனால் என் மேசைக்கு வருபவை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 200 பேர் கொள்ளும் அரங்கு, டிக்கெட் 12 பவுண்ட், ஒன்றுகூட மிச்சமில்லாமல் விற்றுவிட்டது. மொத்தம் 2,400. அதில் வாட் வரி 400 போய்விடும். மீதி 2,000-இல் பாடல் உரிமைக்காக பிஆர்எஸ் அமைப்புக்கு 4.2 சதவீதம், அதாவது 84 பவுண்ட். அரங்கு வாடகை, சவுண்ட் எஞ்சினியர், வாசலில் நிற்கும் பாதுகாவலர்கள், விளம்பரம், முக்கியக் குழு மேடையேறும் முன் பாடிய குழுவுக்கு ஒரு 100 பவுண்ட் என்று எல்லாமாக 1,000 வைத்துக்கொள்வோம். மிச்சம் 916. அதில் 80 சதவீதம் குழுவுக்கு, ஏறத்தாழ 733. அதிலிருந்து நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜெண்டுக்கு 15 சதவீதம், மேனேஜருக்கு 20 சதவீதம் கழித்தால் கையில் 476. இனிமேல்தான் வேன் வாடகை, டீசல், ஐந்து பேருக்குச் சாப்பாடு, படுக்க இடம் எல்லாம். "டிக்கெட் தீர்ந்துவிட்டது" என்று அன்று இரவு இன்ஸ்டாகிராமில் போடும் படத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

அந்த 84 பவுண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அது அன்று பாடப்பட்ட பாடல்களை எழுதியவர்களுக்குப் போக வேண்டிய பணம். சொந்தப் பாட்டுப் பாடிய குழுவுக்கு அதில் பெரும்பங்கு திரும்பி வர வேண்டும். ஆனால் எந்தெந்தப் பாட்டு பாடினோம் என்ற செட்லிஸ்டை ஓராண்டுக்குள் பதிவு செய்தால்தான் வரும். பாதிப் பேர் செய்வதில்லை. நிகழ்ச்சி முடிந்து களைத்து வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பும் மனநிலை இருக்காதுதான், புரிகிறது. ஆனாலும் எரிச்சலாக இருக்கும். பிஆர்எஸ் பாட்டை எழுதியவருக்கு; பிபிஎல் என்ற இன்னொரு அமைப்பு, ஒலிப்பதிவில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும். டிரம்ஸ் வாசித்த பையன் பாட்டு எழுதவில்லை என்றால் அவனுக்குப் பிஆர்எஸ்ஸில் ஒன்றும் இல்லை, பிபிஎல்லில் உண்டு. பிபிஎல்லில் சேரக் கட்டணமும் கிடையாது. வானொலியில் பாட்டு ஒலித்தும் இதில் சேராமலே இருக்கும் டிரம்ஸ்காரர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அரங்கு நடத்துகிறவர் கொழுத்துப்போகிறாரா என்றால் அதுவும் இல்லை. இந்தச் சிறிய அரங்குகளுக்காக 2014 முதல் இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் வெளியிட்ட கணக்குப்படி, 2023-இல் மட்டும் 125 இடங்களில் நேரடி இசை நின்றுபோனது. அந்த ஆண்டு இவற்றின் சராசரி லாபம் 0.5 சதவீதம். பாத் நகரத்து மோல்ஸ் 1978-இல் திறந்தது. ரேடியோஹெட், ஒயாசிஸ் எல்லாம் பெயர் வருவதற்கு முன் அங்கே வாசித்தவர்கள். 2023 டிசம்பரில் அது மூடிவிட்டது. பெரிய அரங்கு, ஸ்டேடியம் டிக்கெட்டில் ஒரு சிறு தொகை எடுத்துச் சிறிய அரங்குகளுக்குக் கொடுக்கலாம் என்று அதே நாடாளுமன்றக் குழு 2024-இல் பரிந்துரைத்தது. கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள் கொடுக்கலாம் என்ற அளவில்தான் நிற்கிறது. பாடகர் சாம் ஃபெண்டர் தன் 2024 டிசம்பர் அரங்கச் சுற்றில் டிக்கெட்டுக்கு ஒரு பவுண்ட் கொடுத்தார். கோல்ட்பிளே 2025-இல் பிரிட்டனில் நடத்திய ஸ்டேடியம் நிகழ்ச்சிகளில் தனக்கு வந்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது.

ரேச்சல் சினூரிரி. பெற்றோர் ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள். இவர் வளர்ந்தது தெற்கு லண்டன் குரோய்டனில். படித்தது பிரிட் ஸ்கூலில், அதாவது அடெலும் ஏமி வைன்ஹவுஸும் படித்த, கட்டணம் இல்லாத கலைப் பள்ளி. 2000-களின் கித்தார் பாப் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவருடைய 2024 ஆல்பம் நேராக நெஞ்சுக்குள் போகும். முதல் பாதி துள்ளல், நடுவில் திடீரென்று இருட்டு. இண்டி பாடும் என்னை ஆர் அண்ட் பி பாடகி என்று ஏன் எழுதுகிறீர்கள் என்று 2022 ஜனவரியில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். லில்லியும் இவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். இதில் மனத்தாங்கல் மட்டும் இல்லை, காசும் இருக்கிறது: எந்தப் பெட்டியில் பெயர் ஒட்டுகிறார்களோ அந்தப் பிளேலிஸ்ட், அந்த வானொலி, அந்த விழா மேடைதான் கிடைக்கும்.

ஆல்பத்துக்கு அவ்வளவு பாராட்டு வந்த அதே 2024-இல், அமெரிக்காவில் இன்னொரு பாடகிக்கு முன்னால் பாட ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளிலிருந்து விலகினார். காரணம் பணம் என்று அவரே சொன்னார். அமெரிக்கா போகும் குழுக்கள் போடும் P வகை விசா (கலைஞர்களுக்கானது) மனுவின் கட்டணம் அந்த ஏப்ரலில்தான் 460 டாலரிலிருந்து 1,615 டாலருக்கு ஏறியிருந்தது, சிறு நிறுவனங்களுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. வக்கீல் கட்டணம், விமானம், வாத்தியங்களைக் கொண்டுபோகும் செலவு எல்லாம் அதற்கு மேல். அடுத்த வருடம் அமெரிக்கப் பாடகி சப்ரீனா கார்பெண்டரின் ஐரோப்பியச் சுற்றில் முன்னால் பாடியது இவர்தான். நிலைமை எவ்வளவு சீக்கிரம் மாறும் பாருங்கள்!

தி லாஸ்ட் டின்னர் பார்ட்டி என்ற குழுவை "புதியவர்கள்" என்று சொல்வது இனிமேல் சரியில்லை, முதல் ஆல்பமே பிரிட்டிஷ் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்துவிட்டது. ஒரு விஷயத்துக்காக மட்டும் இங்கே. முதல் பாட்டு வெளிவரும் முன்பே, 2022-இல், ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்த அன்று இவர்களுக்கு ஒரு மேடை கிடைத்தது. உடனே "கம்பெனி கட்டிவிட்ட குழு" என்று இணையத்தில் வசை. உண்மையில் பிரிக்ஸ்டனில் விண்ட்மில் என்ற, 150 பேர் நெருக்கியடித்து நிற்கும் மதுக்கடையில் வாசித்து, அதை ஒருவர் படம் பிடித்து யூடியூபில் ஏற்றி, அப்படித்தான் ஆட்கள் கண்ணில் பட்டார்கள். பிளாக் மிடி, ஷேம், ஸ்க்விட் போன்ற குழுக்கள் எல்லாம் தேறி வந்த இடம்தான் அந்த விண்ட்மில்.

இன்னும் மூன்று பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டரின் வெஸ்ட்சைட் கவ்பாய், கிளாஸ்டன்பரி விழா புதியவர்களுக்கு நடத்தும் போட்டியில் 2025-இல் ஜெயித்தவர்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டி, பரிசு 5,000 பவுண்ட். அமெரிக்க நாட்டுப்புற இசையை வடக்கு இங்கிலாந்துக் குரலில் பாடுகிறார்கள், பழைய பாட்டைப் புதிதாக உடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஸ்காட்லாந்தின் ஜேக்கப் அலோன், கித்தாரும் நடுங்கும் குரலும் மட்டும் வைத்தே ஆளை உட்கார வைத்துவிடுவார். முதல் ஆல்பம் 2025 மெர்குரி பட்டியலில் இருந்தது. வேல்ஸின் அட்வைத், மூன்று பெண்கள், வெல்ஷ் மொழியில் பாடுகிறார்கள். வேல்ஸ் இசை விருதை இரண்டு முறை வாங்கிய முதல் குழு இவர்கள். உள்ளூர் மொழியில் பாடினால் வெளியே யார் கேட்பார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இவர்களைப் போட்டுக் காட்டுங்கள்.

இனி, பிள்ளைகள் இந்தத் துறைக்கு வரும் வீடுகளுக்கு. போன வருடம் லண்டன் தமிழர் ஒருவர் அழைத்தார். "தம்பி, கம்பெனிக்காரர் நாப்பதாயிரம் பவுண்ஸ் தாறாங்களாம், மகள் துள்ளுறாள். சும்மா தாறாங்களோ?" என்றார். "சும்மா இல்லை அண்ணை, முன்பணம். திருப்பிக் கேக்க மாட்டாங்கள். ஆனா பாட்டு உழைக்கிற காசில கழிச்சு முடியுமட்டும் பிள்ளைக்கு ராயல்டி வராது" என்றேன். ஒப்பந்தத்தில் மகளின் பங்கு 20 சதவீதம். அப்படியென்றால் பாட்டு இரண்டு லட்சம் பவுண்ட் சம்பாதித்த பிறகுதான் அந்த நாற்பதாயிரம் கழியும். வீடியோ செலவில் பாதியையும் அதிலேயே கழிப்பதாக இன்னொரு வரி இருந்தது. ஒலிப்பதிவு எத்தனை வருடத்துக்கு அவர்களுக்குச் சொந்தம் என்று தேடினேன். காலவரையே இல்லை. இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியனில் உறுப்பினராகச் சேர்ந்தால் ஒப்பந்தத்தைத் தனிக் கட்டணம் இல்லாமல் படித்துச் சொல்வார்கள். அதைச் செய்தார்கள். இப்போது உரிமை குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும்தான், முன்பணமும் குறைந்தது. துள்ளலும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் நான் பார்ப்பது இவைதான்: உரிமை எத்தனை வருடம், எதையெல்லாம் கழிப்பார்கள், டீ-ஷர்ட் விற்பனையிலும் நிகழ்ச்சிக் காசிலும் கை வைக்கிறார்களா, மேனேஜரோடு பிரிந்த பிறகும் அவருக்கு எத்தனை காலம் கமிஷன் போகும். மேடை வேண்டுமென்றால் முதலில் இத்தனை டிக்கெட்டை நீயே வாங்கு என்று சொல்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

இன்னொரு பொறி, பிளேலிஸ்ட் விற்பவர்கள். இருவர் கொண்ட ஒரு குழு, ஒரு "புரமோஷன்" ஆளிடம் பணம் கட்டியது. ஒரே வாரத்தில் கேட்பவர் எண்ணிக்கை மலைபோல் ஏறியது. அட்டவணையைத் திறந்து பார்த்தேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் இவர்கள் பெயரே கேள்விப்பட்டிராத ஒரே ஒரு வெளிநாட்டு நகரத்தில். முப்பது விநாடி தாண்டியதும் அடுத்த பாட்டுக்குத் தாவியிருந்தார்கள். மனிதர் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம் அதை எடுத்துவிட்டது, சேர்ந்திருந்த நியாயமான காசும் அதோடு நின்றது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஒலிக்காத பாட்டுக்கு ராயல்டியே இல்லை. அந்த ஆயிரத்தைத் தொடும் பதற்றத்தில்தான் பலர் இந்த ஆட்களிடம் போய் விழுகிறார்கள்.

கேட்பவர்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. பிரிட்டனில் இருந்தால் நிகழ்ச்சிக்குச் சீக்கிரம் போய் முன்னால் பாடும் குழுவையும் கேளுங்கள். 50 பவுண்டுக்கும் 100 பவுண்டுக்கும் வந்திருப்பவர்கள் அவர்கள். டீ-ஷர்ட் வாங்கினால் அதிலிருந்து அரங்கு எவ்வளவு எடுக்கிறது என்று மேசையில் இருப்பவரிடமே கேட்கலாம். பெரிய அரங்குகள் சில 25 சதவீதமும் அதற்கு மேல் வாட்டும் எடுக்கும், சின்ன இடங்களில் பெரும்பாலும் ஒன்றும் எடுப்பதில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால், கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் ஒரு ஆல்பம் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுப்பது 15 சதவீதம். அவர்களே அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் எடுப்பதில்லை. கார்டு கட்டணம் மட்டும் போய், மிச்சம் முழுவதும் கலைஞருக்கு.