உம்கெனி ஆற்றங்கரைப் பொதுப் பாதை: மண்ணைத் தோண்டுமுன் பெற வேண்டிய அனுமதிகள்

நடப்போர், மிதிவண்டி ஓட்டுவோர், சக்கர நாற்காலியில் வருவோர் ஆகிய அனைவரும் பயன்படுத்தத்தக்க பாதையொன்றைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உம்கெனி ஆற்றங்கரையில் அமைக்க விரும்பும் குடியிருப்போர் சங்கமோ கோயில் சபையோ, நன்கொடை திரட்டுவதற்கு முன்பே நில அளவை வரைபடத்தை வாங்கிப் பார்ப்பது நல்லது. நிலம் யாருக்குரியது, பாதை ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி அமைகிறது என்ற இரண்டையும் பொறுத்தே அனுமதிகள் அமையும்.

1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், 21ஆம் பிரிவில், ஆற்றின் கரையையோ படுகையையோ மாற்றுவதையும் ஒரு நீர்ப் பயன்பாடாகவே கருதுகிறது. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் கோடு வரையிலும், கரையோரத் தாவரப் பகுதி அதைத் தாண்டினால் அதுவரையிலும், இவை வரையறுக்கப்படாத இடத்தில் ஆற்றின் விளிம்பிலிருந்து 100 மீட்டர் வரையிலும் இக்கட்டுப்பாடு நீளும். பாதிப்பு குறைவெனக் கணிக்கப்பட்டால் பொது அனுமதியின்கீழ் பதிவு செய்தால் போதும். இல்லையேல் உரிமம் பெற வேண்டும். இந்த வெள்ளக்கோட்டைக் காகித விவகாரமென்று தள்ளிவிட இயலாது. 1917 அக்டோபரில் இதே ஆறு பெருகியபோது கரையோரத்து இந்தியத் தோட்டக்காரர்கள் 176 பேரைப் படவட்டான் குழுவினர் அறுவர் படகில் சென்று மீட்டனர்; 2022 ஏப்ரலில் டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஏற்பட்ட வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சுற்றுச்சூழல் விதிகளில் இரண்டு அளவுகளை நினைவில் கொள்ள வேண்டும். ஆற்றிலிருந்து 32 மீட்டருக்குள் 100 சதுர மீட்டரோ அதற்கு மேலோ பரப்புள்ள கட்டுமானம் எழுமானால் அடிப்படைச் சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவை. மூன்று மீட்டர் அகலப் பாதை 34 மீட்டர் நீண்டாலே அந்த அளவைத் தாண்டிவிடும். நகர்ப்பகுதிக்கு இதில் விலக்கு உண்டு என்பதை நம்பிப் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆற்றுக்குள் 10 கன மீட்டருக்கு மேல் மண்ணைக் கொட்டுவதற்கோ அங்கிருந்து தோண்டி எடுப்பதற்கோ அந்த விலக்கு கிடையாது. பத்துக் கன மீட்டர் என்பது ஒரு பெரிய டிப்பர் லாரியின் சுமைதான். மதிப்பீடு தேவைப்பட்டால் அதன் வரைவறிக்கையைக் குறைந்தது 30 நாள் பொதுமக்களின் கருத்துக்கு வைக்க வேண்டும்.

பாதை 300 மீட்டருக்கு மேல் நீண்டால் மாகாண மரபுடைமை அமைப்பிடம் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது பாதுகாப்பானது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்லறைகளும் கட்டடங்களும் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை.

நிலம் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சிக்குரியது எனில், அதன் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எவ்வேலையும் தொடங்கக் கூடாது. கோரிக்கையை வார்டு கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவின் வழியாக, ஆண்டுதோறும் திருத்தப்படும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கக் கேட்கலாம். நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. வரைவு வரவுசெலவுத் திட்டம் அதற்கு 90 நாள்களுக்கு முன்னரே மன்றத்தில் வைக்கப்படுகிறது. ஆகவே மார்ச் கழிந்தபின் தரும் மனு பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும்.