இந்த வெள்ளிப் பெட்டி எதற்கு? உள்ளே பார்த்தால் தெரியும்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பழைய வெள்ளிப் பெட்டி. மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். மேலே பூ வேலைப்பாடு, ஓரத்தில் சங்கிலி கோக்க ஒரு சின்ன வளையம். போகிற இடமெல்லாம் கூடவே வந்த பொருள் என்று வளையமே சொல்லிவிடுகிறது. ஆனால் உள்ளே எதை வைத்திருந்தார்கள்?

பலரும் முதலில் முத்திரைகளைத்தான் தேடுவார்கள். இங்கிலாந்து வெள்ளியில் அவை நிறையவே பேசும். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காமில் தரம் பார்த்தது. அரசர் அல்லது அரசியின் தலை என்றால் வரி கட்டிய பொருள், 1784 முதல் 1890 வரையிலான காலம். தனி எழுத்து ஒன்று ஆண்டைக் காட்டும். சரி, எங்கே, எப்போது என்பது தெரிந்துவிட்டது. எதற்கு என்பது மட்டும் முத்திரையில் இருக்காது.

மூடியைத் திறந்தால் உள்பக்கம் மஞ்சளாக மின்னுகிறது. பொன்முலாம். அதற்குள் கீல் வைத்த இன்னொரு மூடி, கொடியும் இலையுமாகத் துளையிட்ட மெல்லிய தகடு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே விடை வந்துவிடும். இது வினெய்க்ரெட். வாசனை கலந்த வினிகரில் நனைத்த ஸ்பாஞ்ச் துண்டை அடியில் வைத்து, தெரு நாற்றம் தாங்காதபோதும் மயக்கம் வரும்போதும் முகர்ந்தார்கள். துளைகள் வாசனையை விடும், ஸ்பாஞ்சை விடாது.

முலாம் எதற்கு? வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம் சுத்த வெள்ளியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் மீதி 7.5 சதவீதத்தில் பெரும்பங்கு செம்பு. அமிலமும் காற்றும் சேர்ந்தால் செம்பு அரித்துப் பச்சை உப்பாகிவிடும். தங்கம் அசைந்துகொடுக்காது. முலாம் வெறும் அழகுக்கு என்று நினைப்பவர்கள் பாதிச் சாட்சியத்தைக் கைவிடுகிறார்கள் என்பேன்.

மூக்குப்பொடி டப்பாவிலும் முலாம் இருக்கும், துளைத் தகடு இருக்காது. மூடி இறுக்கமாகப் பொருந்தும். உள்ளே சொரசொரப்பான இரும்புத் தகடு இருந்தால் அது ஜாதிக்காய் துருவி. வெளி விளிம்பில் வரிவரியாகக் கோடுகள் இருந்தால் தீக்குச்சி டப்பா, உரசிப் பற்றவைத்த இடம் அது. ஸ்பிரிங் வைத்த வட்டத் தட்டு தெரிந்தால் அளவுகோலை எடுங்கள். 22 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் சாவரின் தங்க நாணயம் வைத்தது, 19 என்றால் அரை சாவரின்.

அப்புறம், முலாமும் காலம் சொல்லும். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தோடு குழைத்துப் பூசி, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக விரட்டினார்கள். கொஞ்சம் அதில் தங்கிவிடும். பொருளைக் கீறாமலே எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். மின்முலாம் 1840க்குப் பிறகுதான் பரவியது. முந்தைய ஆண்டெழுத்து உள்ள பெட்டியின் முலாமில் பாதரசமே இல்லையென்றால், அது பின்னாளில் பூசியதாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை பாலிஷ் போடாதீர்கள். கீலின் இடுக்கில் ஒட்டிய பழுப்புத் தூள் மூக்குப்பொடியாக இருக்கலாம். துளைத் தகட்டின் கீழே காய்ந்து கல்லாகிக் கிடப்பது அந்த ஸ்பாஞ்சாகவே இருக்கலாம்.